யாருக்கு இந்த மாத்திரை?
மலேரியாவும் கூட்டு மருந்தும்: கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து சில குறிப்புகள்

1

பெரியம்மா முப்பது வருஷத்துக்கும் மேலாக ஏலக்காட்டு வேலைக்குப் போய்வந்தவர். விடிவதற்கு முன்னால் தூக்குவாளியில் சோற்றை அடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாக இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயும்போது இறங்குவார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். ரத்தத்தைக் கண்ணாடியில் தடவிப் பார்த்துவிட்டு மலேரியா என்றார்கள், வைவாக்ஸ் வகை. மூன்று நாளைக்குக் குளோரோகுயின், பதினாலு நாளைக்கு பிரைமாகுயின்.

மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. ஐந்தாம் நாள் ஜீப்பில் ஏறிவிட்டார். மிச்ச மாத்திரை அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்படியே கிடந்தது. கேட்டேன். “காச்சல்தேன் விட்டுப்போச்சுல்லய்யா, இனி யாருக்கு இந்த மாத்திர?” என்றார். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் பிசைகிறதாம். நாலு மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறவள் எப்போது சாப்பிட்டு, எப்போது மாத்திரை போடுவது?

நாலு மாதம் கழித்து மறுபடியும் நடுக்கம் வந்தது.

தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அன்றைக்கு அவருக்குச் சொல்லப் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான், அவர் கேட்ட கேள்வி மலேரியா மருந்து ஆராய்ச்சியின் மையக் கேள்விகளில் ஒன்று என்று தெரிந்தது. மாத்திரையைப் பற்றி எழுத இந்தப் பக்கங்கள்தானா கிடைத்தன என்று நண்பர்கள் கேட்கலாம். உடலைப் பற்றியும் அதிகாரத்தைப் பற்றியும் நாம் நிறையவே பேசிவிட்டோம். ஃபூக்கோவின் பெயர் வராத இதழே இல்லை என்றாகிவிட்டது. ஆனால் ஒரு கூலிக்காரியின் கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது, அதில் அரசுக்கும் தோட்ட முதலாளிக்கும் என்ன பங்கு என்று கேட்டால் முழிக்கிறோம். உடல் பற்றிய நமது சொல்லாடலில் ரத்தம் கொஞ்சம் குறைவுதான்.

2

மலேரியா ஒட்டுண்ணி மனித உடலில் ஒரே வடிவத்தில் இருப்பதில்லை. கொசு கடித்ததும் முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே பெருகி ரத்தத்துக்கு வந்து சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது. அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறி அடுத்த அணுக்களைப் பிடிக்கிறது. நமக்கு வரும் நடுக்கமும் காய்ச்சலும் இந்த உடைப்பின் விளைவு. ரத்தத்தில் இருப்பவற்றில் ஒரு சிறுபகுதி மட்டும் ஆண், பெண் வடிவங்களாக மாறுகிறது. இவற்றுக்குக் கேமிட்டோசைட் என்று பெயர். இவை காய்ச்சலைத் தருவதில்லை. கொசு வந்து உறிஞ்சுவதற்காகக் காத்திருப்பவை. கொசுவின் வயிற்றில்தான் இவை கூடிப் பெருகும்.

ஃபால்சிபாரம் வகையில் இந்தக் கேமிட்டோசைட் முதிர்வதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை பெரும்பாலும் எலும்பு மஜ்ஜையில் ஒதுங்கிக் கிடக்கும். பிறகு ரத்தத்துக்கு வந்து சில வாரங்கள் வரைகூடச் சுற்றிக்கொண்டிருக்கும். காய்ச்சலை நிறுத்துகிற மருந்துகளில் பல இந்த முதிர்ந்த வடிவத்தை ஒன்றும் செய்வதில்லை. ஆகவே காய்ச்சல் விட்டு, தெம்பு வந்து, வேலைக்கும் போய்விட்ட ஓர் ஆள் சாயங்காலம் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருக்கும்போது கொசுவுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். அவருக்கே அது தெரியாது.

வைவாக்ஸின் தந்திரம் வேறு. அதன் கேமிட்டோசைட்டுகள் சீக்கிரமே, சிலருக்கு மருத்துவரிடம் போவதற்கு முன்பே, ரத்தத்தில் வந்துவிடும். குளோரோகுயின் அவற்றைக் கொன்றுவிடும். ஆனால் கல்லீரலில் ஒரு பகுதி உறங்கிக் கிடக்கும். வாரங்களோ மாதங்களோ கழித்து எழுந்து மறுபடி ரத்தத்துக்கு வரும். பெரியம்மாவுக்கு நாலு மாதம் கழித்து வந்த காய்ச்சல் புதுக் கொசு தந்ததாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. அவருடைய கல்லீரலிலேயே தூங்கி எழுந்ததாக இருக்கலாம்.

ஆக மருந்துக்கு மூன்று வேலை: காய்ச்சலை நிறுத்தி உயிரைக் காப்பது, கல்லீரலில் உறங்குவதை அழிப்பது, கொசுவுக்குப் போகும் வழியை அடைப்பது. குளோரோகுயினும் ஆர்ட்டிமிசினின் வகைகளும் முதல் வேலைக்காரர்கள். பிரைமாகுயின் பின்னிரண்டையும் செய்யும். முதல் வேலைக்கு லாயக்கில்லை. மூன்றையும் ஒன்றாகச் செய்து முடிக்கிற தனி மருந்து இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. மருந்துகளைக் கூட்டிக் கொடுப்பதற்கு இது ஒரு காரணம். பெரியம்மாவின் கையில் இருந்ததும் கூட்டு மருந்துதான், பாதியில் உடைந்த கூட்டு.

3

இன்னொரு காரணம் எதிர்ப்புத் திறன். தாய்லாந்து–கம்போடியா எல்லையில் 1950களின் இறுதியிலேயே குளோரோகுயினுக்கு அடங்காத ஃபால்சிபாரம் தலைகாட்டியது. இந்தியாவில் 1973இல் அசாமில் தெரிந்தது. அடுத்து வந்த மருந்துகளும் ஒவ்வொன்றாக அதே வழியில் போயின.

ஏன் கூட்ட வேண்டும் என்பது எளிய கணக்கு. ஒரு மருந்துக்குத் தப்புகிற ஒட்டுண்ணி பத்து லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு நோயாளியின் உடலில் ஆயிரம் கோடி ஒட்டுண்ணிகள் இருக்கக்கூடும். தப்புகிறவை கட்டாயம் இருக்கும், பெருகும். வேறு வழியில் தாக்குகிற இன்னொரு மருந்தையும் சேர்த்தால், இரண்டுக்கும் ஒருசேரத் தப்புவது லட்சம் கோடியில் ஒன்று. ஆனால் கூட்டாளிகள் இருவரும் வேலைசெய்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் தனியாள். அவரும் சீக்கிரம் விழுவார்.

சீனாவில் து யூயூவின் குழு 1970களின் தொடக்கத்தில் பழைய மருத்துவ நூல் ஒன்றின் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மாசிப்பச்சை வகைச் செடியிலிருந்து ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்த மருந்து ஒட்டுண்ணியை மளமளவென்று குறைக்கும். சில மணி நேரத்தில் உடலைவிட்டுப் போய்விடும். எஞ்சியதைத் தீர்க்க, பல நாள் தங்குகிற ஒரு துணை மருந்து வேண்டும். இந்தியாவில் 2010 முதல் ஃபால்சிபாரத்துக்கு ஆர்ட்டிசுனேட்டும் சல்ஃபடாக்சின்–பைரிமெத்தமினும் சேர்த்து மூன்று நாள், இரண்டாம் நாளில் ஒரே ஒரு வேளை பிரைமாகுயின் என்று விதி வந்தது. வடகிழக்கு மாநிலங்களில் துணை மருந்து தோற்றதால் 2013இல் அங்கே ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபேன்ட்ரின் கூட்டுக்கு மாறினார்கள். மேற்குக் கம்போடியாவில் 2008–09இலேயே ஆர்ட்டிமிசினினின் வேகம் குறைவது கவனிக்கப்பட்டது. 2020 முதல் ருவாண்டா, உகாண்டாவிலிருந்தும் அதே செய்தி.

ஆகவே இப்போது மூன்று மருந்துக் கூட்டுகளைச் சோதிக்கிறார்கள். ஆர்ட்டிமிசினினே இல்லாத புதுக் கூட்டையும் தேடுகிறார்கள். கனாபிளாசைட் என்ற புது மருந்தை லூமிஃபேன்ட்ரினோடு சேர்த்து 12 ஆப்பிரிக்க நாடுகளில் நடத்திய மூன்றாம் கட்டச் சோதனையின் சாதகமான முடிவுகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அது கேமிட்டோசைட்டுகளையும் தாக்குகிறது என்பதுதான் நமது கேள்விக்கு முக்கியம். மாலி நாட்டின் உலேசேபுகுவில் நடந்த சோதனைகள் இன்னும் நேரடியானவை. அங்கே கூட்டு மருந்தோடு குறைந்த அளவு பிரைமாகுயினை ஒரே வேளை கொடுத்தார்கள். அந்த ஆட்களின் ரத்தத்தைச் சவ்வு வழியாக, ஆய்வகத்தில் வளர்த்த கொசுக்களுக்கு ஊட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கொசுவின் வயிற்றை அறுத்து ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். மருந்து கொடுத்த இரண்டு நாளுக்குள் கொசுக்களுக்குத் தொற்றுவது ஏறக்குறைய நின்றுவிட்டது. நோயாளியின் ரத்தத்தில் கேமிட்டோசைட் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் அது மலடாகிவிட்டது.

மருந்து பலித்ததா என்பதை நோயாளியின் உடலில் பார்க்காமல் கொசுவின் வயிற்றில் பார்க்கிறார்கள். மருத்துவத்தின் பார்வையே இங்கே இடம் மாறியிருக்கிறது.

4

இந்த மாற்றம் எவ்வளவு புதியது என்று தெரிய, நமது பள்ளத்தாக்கின் பழைய கதைக்குப் போகவேண்டும்.

முல்லைப் பெரியாறு அணை 1887இல் தொடங்கி 1895இல் முடிந்தது. லோயர் கேம்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. தை மாதம் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். கம்பத்துக்காரன் எவனும் அதைக் கேலி பேச மாட்டான். வயலுக்கு வருகிற தண்ணீர் அவர் கொண்டுவந்தது. ஆனால் அந்தக் காட்டில் வேலை பார்த்தவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. நோயில் செத்து அணைக்கு வடக்கே புதைக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்படும் எண்ணிக்கை 483. சாராயம் என்ற நாட்டு மருந்து இல்லாவிட்டால் அணையே முடிந்திருக்காது என்று அக்காலத்திய பேச்சு ஒன்றும் உண்டு. அதாவது சாராயம் அங்கே மருந்துக் கணக்கில் வருகிறது. கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அணை முடிந்து இரண்டு வருஷம் கழித்து. செத்தவர்களுக்குத் தங்களைக் கொன்றது எது என்றே தெரியாது. கெட்ட காற்று என்றார்கள். மலேரியா என்ற சொல்லுக்கே அதுதான் அர்த்தம்.

மருந்து இல்லாமலில்லை. நீலகிரியில் 1860களிலேயே சின்கோனா பயிராகிவிட்டது. நடுவட்டம் தோட்டத்தை உருவாக்கியதில் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. அவர்களை அடைத்துவைத்த கட்டடம் இன்றும் அங்கே நிற்கிறது. 1866–68இல் அரசு அமைத்த குழுக்கள் பட்டையிலிருந்து பிரித்த நான்கு உப்புகளையும் ஆயிரக்கணக்கான காய்ச்சல்காரர்களுக்குத் தனித்தனியே கொடுத்துப் பார்த்தன. நான்கிலும் நூற்றுக்கு 97 பேருக்குக் குறையாமல் காய்ச்சல் நின்றது. வங்காளத்தின் அரசுத் தொழிற்சாலை 1870களில் உப்புகளைப் பிரிக்காத மலிவான கலவையை ஏழைகளுக்கென்று தயாரித்தது. கூட்டு மருந்து அப்போது ஏழைக்கான இரண்டாந்தரச் சரக்கு. சுத்தமான குயினைன் மேலானது. இன்று நிலை தலைகீழ். தனி மருந்துதான் ஆபத்து. ஆர்ட்டிமிசினின் வகையைத் தனி மாத்திரையாக விற்பதை இந்தியா 2009இல் தடை செய்தது.

குயினைன் காய்ச்சலை இறக்கும். கல்லீரலில் உறங்குவதையும் ஃபால்சிபாரத்தின் முதிர்ந்த கேமிட்டோசைட்டையும் அது தொடாது. ஆளை வேலைக்கு எழுப்பிவிடும், நோயை அடுத்தவனுக்கு விட்டுவைக்கும். காலனிய நிர்வாகத்துக்கு அது போதும். மருந்துகளின் பிறப்பைப் பாருங்கள்: குளோரோகுயின் இரண்டாம் உலகப் போரில் வளர்ந்தது. ஆர்ட்டிமிசினின் தேடல் 1967இல் தொடங்கியது வட வியட்நாம் படையினருக்காக. பிரைமாகுயினை முதலில் பெருமளவில் தின்றவர்கள் கொரியப் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள். கப்பலில் அதிகாரியின் கண்முன்னால் தினம் ஒன்றாகப் பதினாலு நாள். நம் பெரியம்மாவுக்குக் கொடுத்த பதினாலு நாள் கணக்கு அந்தக் கப்பலில் ஓடியது. அங்கே சோறும் உண்டு, சம்பளமும் உண்டு, பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு. ஏலக்காட்டு ஜீப்பில் இந்த மூன்றும் கிடையாது.

5

இங்கேதான் ‘யாருக்கு’ என்ற கேள்வி கூர்மையாகிறது. ஃபால்சிபாரம் நோயாளிக்கு இரண்டாம் நாள் கொடுக்கிற அந்த ஒற்றை வேளை பிரைமாகுயினால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. அவரை மற்ற மருந்துகள் குணமாக்கிவிடும். இது முழுக்க முழுக்க மற்றவர்களுக்காக அவர் விழுங்குவது. வைவாக்ஸுக்கான பதினாலு நாள் பாதி தனக்கு, பாதி ஊருக்கு.

மற்றவருக்காக மருந்து தின்பதில் ஆபத்து இல்லாமலும் இல்லை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு பிரைமாகுயின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். சிறுநீர் கறுக்கும், ரத்தம் வற்றும். மரபுவழி வருகிற இந்தக் குறை மலேரியா அதிகமாக இருந்த இடங்களில்தான் அதிகம். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அமெரிக்காவின் ஸ்டேட்வில் சிறையில் கைதிகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கறுப்பினக் கைதிகள் சிலருக்கு ரத்தம் உடைந்தது. காரணம் இந்த நொதிக்குறை என்று 1956இல் வெளியானது. சின்கோனாவுக்குச் சீனக் கைதிகள், பிரைமாகுயினுக்குக் கறுப்பினக் கைதிகள். மறுக்க முடியாத இடத்தில் இருக்கிற உடல்களிலிருந்துதான் மருத்துவ அறிவின் ஒரு பகுதி திரட்டப்பட்டது. இதைச் சொல்வதால் அந்த அறிவு பொய் என்றோ, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்றோ நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். மலேரியா மாத்திரையை மறுப்பது புரட்சி ஆகாது. அதன் விலையை அடுத்த வீட்டுப் பிள்ளை கொடுக்கும்.

மற்றவர்களுக்காக ஒருவரை மருந்து தின்னச் சொல்கிறபோது அது ஓர் ஒப்பந்தம் என்கிறேன். ஒப்பந்தத்துக்கு இரண்டு தரப்பு உண்டு. நொதிக்குறையைச் சோதித்துக் கொடுப்பது, தலைசுற்றி உட்கார்ந்தால் கூலி போகாமல் பார்ப்பது, பதினாலு நாளும் விசாரிக்க ஆள் அனுப்புவது மறுதரப்பின் பொறுப்பு. அந்தத் தரப்பு வராமல் போனால், மாத்திரையைப் பாதியில் விட்ட பெண்ணுக்கு ‘அறியாமை’ என்று பெயர் வைக்கிறோம். கொஞ்சம் வரலாறும் சேர்த்துப் பார்க்கலாம். இந்தியாவில் பல பத்தாண்டுகள் வைவாக்ஸுக்கு ஐந்து நாள் பிரைமாகுயின்தான் கொடுத்தார்கள். அது காய்ச்சல் திரும்புவதைத் தடுக்கவில்லை என்று தெரிந்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில்தான் பதினாலு நாளானது. பெரியம்மா ஐந்தாம் நாள் நிறுத்தியதும் அரசு அத்தனை காலம் ஐந்தாம் நாள் நிறுத்தியதும் ஒட்டுண்ணிக்கு ஒன்றுதான். ஆனால் அரசை யாரும் அறியாமை என்று சொல்லவில்லை.

6

இந்தச் சிக்கலுக்கு வேதியியல் ஒரு விடை தேடுகிறது: நாட்களைக் குறைப்பது. பிரைமாகுயினின் அளவைக் கூட்டி ஏழு நாளில் முடிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. டாஃபெனோகுயின் ஒரே வேளை. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2018இல் அனுமதி பெற்றது. அது உடலில் வாரக்கணக்கில் தங்கும். நொதிக்குறை உள்ளவருக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. அளவிட்டுச் சொல்கிற ரத்தப் பரிசோதனை முன்கூட்டியே கட்டாயம். பதினாலு நாள் ஆள் அனுப்ப முடியாத அமைப்பு, அந்த ஒருநாள் பரிசோதனையை ஒழுங்காகச் செய்யுமா? செய்தால் பெரிய நிம்மதி. செய்யாவிட்டால் ஆபத்து முழுவதும் நோயாளி தலையில்.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 1963இல் 17 பேருக்கு மட்டுமே மலேரியா. முடிந்தது என்று கண்காணிப்பைத் தளர்த்தியதும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பியது. இந்தியாவிலும் இதே கதை: 1961இல் ஐம்பதாயிரம் அளவுக்கு இறங்கியது 1976இல் 64 லட்சமானது. பிறகு இலங்கை விடாமல் ஒவ்வொரு நோயாளியாகத் தேடிப்போனது. கொசுவைக் கட்டுப்படுத்தியது, மருந்தை முடிக்கும்வரை பின்தொடர்ந்தது. 2016 செப்டம்பரில் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழ் பெற்றது. வைவாக்ஸுக்கு அவர்கள் கொடுத்தது என்ன மருந்து? மூன்று நாள் குளோரோகுயின், பதினாலு நாள் பிரைமாகுயின். பெரியம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த அதே மாத்திரை.

புது மருந்து வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஃபால்சிபாரத்தின் எதிர்ப்புத் திறன் நிஜம். கனாபிளாசைட் போன்றவை வராவிட்டால் ஆப்பிரிக்கக் குழந்தைகள் சாவார்கள். ஆனால் பழைய கூட்டு தோற்ற இடங்களில் மருந்து தோற்றது எங்கே, மனித ஏற்பாடு தோற்றது எங்கே என்று பிரித்துப் பார்க்காமல் புதுக் கூட்டைக் கொடுத்தால், அதையும் அதே அஞ்சறைப் பெட்டி ஓரத்தில்தான் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் இன்று மலேரியா ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கும் குறைவாக இறங்கிவிட்டது. 2030க்குள் ஒழிப்பது நாட்டின் இலக்கு. குறையக் குறைய மிஞ்சுகிற நோயாளி யார் என்பதுதான் கேள்வி. ஏலக்காடுகளில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் தொழிலாளர்களும் வேலை பார்க்கிறார்கள். ‘வடக்கத்தியான் கொண்டுவர்றான்’ என்ற பேச்சு டீக்கடைகளில் ஆரம்பித்துவிட்டது. நோயை ஓர் உடலின் மேல் எழுதி, அந்த உடலை எல்லைக்கு வெளியே தள்ளுகிற அதே பழைய வேலை. நோயைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகிற அவருக்குத்தான் ஊருக்காக மாத்திரை விழுங்கச் சொல்கிற இரண்டாம் நாள் வேளையும் வரப்போகிறது. திட்டிக்கொண்டே ஒருவரிடம் உதவி கேட்க முடியாது.

எங்கள் பெண்கள் தேனி மாவட்டத்தில் தூங்கி இடுக்கி மாவட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். ஒரு கொசு எந்தப் பக்கம் கடித்தது என்று யார் சொல்ல முடியும்? இரண்டு மாநிலங்களும் பெரியாற்றுத் தண்ணீருக்காக உச்ச நீதிமன்றம்வரை போய் ஒவ்வொரு அடியாகக் கணக்குப் பார்த்திருக்கின்றன. காய்ச்சல்காரியின் பதினாலு மாத்திரையை எந்தப் பக்கத்துச் செவிலியர் எண்ணுவது என்பதற்கும் அதே அக்கறையோடு உட்கார்ந்து பேசட்டும். தோட்டத்திலேயே காலைக் கஞ்சி ஊற்றிய பிறகு மாத்திரை கொடுக்கட்டும். அதற்கு முதலாளி பொறுப்பேற்கட்டும்.

பெரியம்மா இப்போது மலை ஏறுவதில்லை, முட்டி தேய்ந்துவிட்டது. போன மாதம் போயிருந்தபோது, அந்த மாத்திரையில் பாதி உனக்கு, பாதி உன்கூட ஜீப்பில் வந்தவர்களுக்கு என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “அத அன்னைக்கே ஒருத்தரும் சொல்லலியேய்யா” என்றார்.